நீல நெருப்பும் ஒரு நைட்டிக் கிழிசலும்

என் ஆசை அத்தானுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். உங்கள் துணி ஆடுகிறது. நான் நர்ஸாகப் பார்த்துக்கொள்ளும் அரபுப் பெரியவர் பாபாவின் வீட்டில் நீங்கள் கட்டிவிட்டுப் போன அந்தத் துணி இன்று மத்தியானம் என் கண் முன்னால் படபடவென்று ஆடியது. உங்கள் தம்பி ஜெரோம் சின்னப் பையன் மாதிரி கைதட்டினான். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. நம் ஃபர்வானியா வீட்டுக்கு வரும் பஸ்ஸில் இதை உங்களிடம் எப்படித் தொடங்குவது என்றே யோசித்துக்கொண்டு வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய்விட்டேன்.

இதை நம் தமிழ்ச் சங்க மலரில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் நாலு பேருக்காக இடையிடையே விளக்கிச் சொல்லுவேன். கோபப்படாதீர்கள். நீங்கள் இருக்கும்போது கேட்க ஆள் கிடைத்தால் விடாமல் விளக்குவீர்களே, அந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

குவைத்தில் வீட்டைச் சூடாக்க கேஸ் ஃபர்னஸா என்று ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே பாதிப் பேர் கரண்ட் ஹீட்டரோடு குளிரை ஓட்டிவிடுவார்கள். ஆனால் பாபாவின் மகன் அமெரிக்காவில், பனி கொட்டும் ஊரில் படித்துவிட்டு வந்தவர். அங்கே இருந்த மாதிரியே இங்கும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பீரோ உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அடியில் கேஸ் எரியும், மின்விசிறி அந்தச் சூட்டைக் குழாய் வழியாக அறை அறையாகத் தள்ளும், புகை தனிக் குழாயில் மொட்டை மாடிக்குப் போய்விடும். அதைப் பொருத்தத் தெரிந்த ஆள் தேடி அலைந்தபோது கிடைத்தவர் நீங்கள். அந்த வேலை நடக்கும்போதுதான் பாபாவைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வேண்டும் என்று அந்த வீட்டு மேடம் கேட்க, நீங்கள் என் பெயரைச் சொன்னீர்கள். நீங்கள் வைத்த ஃபர்னஸின் சூட்டில்தான் இத்தனை குளிர்காலமாக நான் டியூட்டி பார்க்கிறேன்.

அதைப் பொருத்திய வாரம் நம் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. மீன் குழம்பு ஆறிப்போகும், உங்கள் வாய் ஓயாது. "எடி ரெஜி, கேட்டியா? நெருப்பும் நம்மள மாதிரிதான். அதுக்கும் மூச்சு விடணும். மூச்சு முட்டிச்சுன்னா நீல நெருப்பு மஞ்சளாவும். மஞ்சளாயிட்டுன்னா அது விஷத்தக் கக்கும். அந்த விஷத்துக்கு மணமும் கிடையாது, நெறமும் கிடையாது" என்று சோற்றைப் பிசைந்த கையோடு நம் அடுப்பையே உதாரணம் காட்டினீர்கள். ஃபர்னஸ் அறையின் வெளிச்சுவரில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் காற்று வரும் கம்பி ஜன்னல்கள் வைத்தே ஆகவேண்டும் என்று நீங்கள் சொல்ல, தூசி வரும் என்று கட்டட கான்ட்ராக்டர் மறுக்க, இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்கக் கத்தினீர்களாம். கடைசியில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

அத்தோடு விட்டீர்களா? கட்டுமரத்திலும் வள்ளத்திலும் காற்றைப் பார்க்கத் துணி கட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர் அல்லவா. பால்கனியில் காயப்போட்டிருந்த என் ரோஸ் பூப்போட்ட நைட்டி, அதுவும் புதுசு, அதன் அடியில் ஒரு கீற்றைக் கிழித்துக்கொண்டு போய் அந்தக் கீழ் ஜன்னலின் உள்பக்கம் கட்டிவிட்டீர்கள். "நைஸ் துணிடி, லேசான காத்துக்கும் ஆடும். நெருப்பு எரியும்போது இது உள்ள பாத்து ஆடணும். ஆடிச்சின்னா வீட்டுக்கு உயிர் இருக்கு. சும்மா தொங்கிச்சின்னா எல்லாரும் வெளிய ஓடணும்." நான் உங்களோடு இரண்டு நாள் பேசவில்லை. ஊரில் எத்தனையோ கந்தல் கிடக்க, என் நைட்டிதான் கிடைத்ததா என்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பது மாதம் சும்மா கிடந்த இயந்திரத்தை அப்படியே பற்றவைக்கக் கூடாது என்பது உங்கள் கட்டளை. ஒவ்வொரு நவம்பரிலும் நீங்கள் போய் பர்னரைத் துடைப்பீர்கள், ஃபில்டரை மாற்றுவீர்கள், புகைக்குழாயில் புறா கூடு கட்டியிருக்கிறதா என்று மொட்டை மாடிக்கு ஏறிப் பார்ப்பீர்கள், கேஸ் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று முட்டிபோட்டு உட்கார்ந்திருப்பீர்கள். போன தவக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் நவம்பர் இது. ஜெரோமைக் கூப்பிடுங்கள் என்று மேடத்திடம் சொன்னேன். "இட் இஸ் வொர்க்கிங், ரெஜினா. ஒய் கால்?" என்றார். சுவிட்சைத் தட்டியதும் எரிந்தது. சூடாகக் காற்றும் வந்தது. பிறகு யாருக்கு என்ன கவலை?

குளிர் இந்த வருடம் கொஞ்சம் அதிகம்தான். போன வாரம் முழுக்க ராப்பகலாக ஃபர்னஸ் ஓடியது. அப்போதுதான் புஷ்பாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. புஷ்பாவை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு வீட்டு வேலைக்கு வந்தவள், ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பெண். ஃபர்னஸ் அறையை ஒட்டித்தான் அவள் படுக்கும் அறை. காலையில் நான் போகும்போது முகம் வெளிறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "என்னான்னே தெரியலக்கா. எந்திரிச்சா தல சுத்துது, வாந்தி வருது. மார்க்கெட்டுக்குப் போனா நல்லாருக்கு" என்றாள். ஊர் ஏக்கம் என்று மேடம் சொன்னார். நானும் ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டேன்.

பாபாவும் தூங்கிக்கொண்டே இருந்தார். பக்கவாதம் வந்தவர், மறுபடியும் ஒன்று வந்துவிட்டதோ என்று கை கால் தூக்கச் சொல்லி, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தேன். புதிதாக ஒன்றும் இல்லை. விரலில் ஆக்ஸிஜன் கருவியை மாட்டினால் நல்ல பிள்ளை மாதிரி முழு அளவு காட்டியது. எனக்கும் மத்தியானம் ஆனால் மண்டை பிளக்கும், பஸ் ஏறிக் கொஞ்ச தூரம் வந்தால் சரியாகிவிடும். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

நேற்று காலை பாபாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பூனை வாயருகே கொண்டுபோனால் வாயைத் திறக்கவில்லை, கண்ணும் திறக்கவில்லை. கதவருகே துணி மடித்துக்கொண்டிருந்த புஷ்பா அப்படியே தரையில் உட்கார்ந்து, "அக்கா, இன்னைக்கும் அதே தலவலி" என்றாள். எனக்கும் பொட்டில் இடித்துக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே தலைவலி.

அத்தான், அப்போது உங்கள் குரல் என் காதில் கேட்டது. குழம்புக் கையோடு நீங்கள் சொன்னது. "வீட்ல எல்லாருக்கும் சேர்ந்து தலவலின்னா டாக்டரக் கூப்பிடாண்டாம்டி. மொதல்ல சன்னலத் தொற."

ஆக்ஸிஜன் கருவி ஏன் நல்ல கணக்குக் காட்டுகிறது என்பதும் அந்த நிமிடமே விளங்கியது. அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தானே. அந்த விஷம், கார்பன் மோனாக்ஸைடு, ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும், கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஏமாந்துபோகும் என்று நான் சொன்னதும், "எம் பொஞ்சாதி மூளையப் பாத்தியாடே" என்று ஜெரோமுக்கு அப்போதே போன் போட்டீர்களே. உங்கள் பாதியும் என் பாதியும் நேற்று ஒன்றாகச் சேர்ந்தது.

ஜன்னல்களை எல்லாம் திறந்தேன். பாபாவைப் போர்வையோடு வீல்சேரில் போட்டு முற்றத்துக்குத் தள்ளினேன். புஷ்பாவை இன்னொரு கையால் இழுத்துக்கொண்டேன். சத்தம் கேட்டு மேடம் மாடியிலிருந்து ஓடிவந்தார். மாடியில் படுப்பதால் அவருக்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை. குளிரில் பாபா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பத்ரகாளிதான். நிமோனியா வந்துவிடும், உள்ளே கொண்டுபோ என்று கத்தினார். முடியாது, ஃபர்னஸில் விஷவாயு வருகிறது என்றேன். "ஸ்மெல் மாஃபி, ரெஜினா. நோ ஸ்மெல், நோ கேஸ். யூ நர்ஸ் ஆர் மெக்கானிக்?" என்றார்.

"மெக்கானிக்ஸ் வைஃப், மேடம்" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. வேலை போனால் போகட்டும் என்று வீட்டைச் சுற்றி ஓடி, வெளிச்சுவரோரம் நீங்கள் வைத்த சிலிண்டர்களின் வால்வை மூடினேன். ஃபர்னஸ் அறைக்குள் போகவில்லை. சந்தேகம் வந்தால் உள்ளே போய் வீரம் காட்டாதே, வெளியிலிருந்தே மூடு, அதற்குத்தான் சிலிண்டர் வெளியே நிற்கிறது என்று சொல்லியிருந்தீர்கள். பிறகு ஆம்புலன்ஸ். வந்தவர்கள் கொண்டுவந்த கருவி வேறு மாதிரி, அது ஏமாறாது. பாபா விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் மாஸ்க்கை வைத்து ஏற்றினார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது மேடம் என்னைப் பார்த்துச் சொன்னதுதான் அத்தான், நேற்று முழுக்க என்னைத் தின்றது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "யுவர் ஹஸ்பண்ட் மேட் திஸ்."

அது உண்மைதானே. அந்த வீட்டில் உங்கள் கை படாத ஒரு குழாய் இல்லை. இணைப்பில் பிசகு இருந்தால்? புகைக்குழாயை வளைக்கக் கூடாத இடத்தில் வளைத்திருந்தால்? ஜெரோம் அஹ்மதி பக்கம் சைட்டில் மாட்டிக்கொண்டான், நாளைக்குத்தான் வர முடியும் என்றான். உங்கள் படத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றப் போய், தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நீங்கள் செத்துப்போனதைத் தாங்கிக்கொண்டவள் நான். உங்கள் வேலை ஓர் உயிரை எடுத்தது என்றால் அதைத் தாங்கமாட்டேன். அதுதான் என் பயம், வேறொன்றும் இல்லை.

இன்று ஜெரோம் வந்தான். "மைனி, நீங்க தள்ளி நில்லுங்க" என்று வீட்டைக் காற்றோட்டமாக விட்டு, கையில் மீட்டரோடு அறைக் கதவைத் திறந்தான். மேடமும் முக்காடை இழுத்துப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். ஜெரோம் உள்ளே எட்டிப் பார்த்தான். கீழ் ஜன்னல் முன்னால் குனிந்து நின்றான்.

"என்னடே?" என்றேன்.

"இஞ்ச வாங்க மைனி. ஒங்க நைட்டியப் பாருங்க."

மேல் ஜன்னலும் கீழ் ஜன்னலும், ஒரு கம்பி விடாமல், ஏசிக் குழாய்க்கு ஒட்டுவார்களே வெள்ளி நிற டேப், அதை வைத்து நேர்த்தியாக ஒட்டி அடைத்திருந்தது. டேப்புக்கு அடியில் நசுங்கிப்போய் என் ரோஸ் நைட்டிக் கீற்று. நீங்கள் கட்டிய முடிச்சுகூட அவிழவில்லை. அசைய முடியாமல் ஒட்டிக்கிடந்தது. நெருப்புக்கு மூச்சுவிட வழியில்லாமல் பர்னர் முழுக்கக் கரி.

யார் ஒட்டியது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த ஊரில் நமக்கெல்லாம் முதல் பாடமே அதுதானே, ஓட்டை கண்டால் அடை. தூசிக்காற்று வருமுன் கதவிடுக்கில் துணி திணி, ஏசிக்கு டேப் ஒட்டு. புஷ்பா அந்த ஃபர்னஸ் அறையில்தான் துணி தேய்த்து அடுக்குவாள். கோடையில் ஒரு தூசிக்காற்றுக்குப் பிறகு வெள்ளைத் துணியெல்லாம் செம்மண்ணாகி, மேடத்திடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டாள். ஏசிக்காரர்கள் விட்டுப்போன டேப் சுருள் கிடந்தது. வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டாள். யாரைக் குறை சொல்ல?

மேடம் கேட்டார், அப்படியானால் உன் புருஷன் வைத்த விஷவாயு அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று. நியாயமான கேள்வி. பாபா அறை வாசலில் நீங்கள் திருகி வைத்த அந்த வெள்ளை டப்பாவை ஜெரோம் கழற்றினான். உள்ளே பேட்டரி இல்லை. மேடத்தின் முகம் மாறிப்போனது. விருந்தாளி வரும் நாளில் பஹூர் போடுவார்கள் இல்லையா, கரி நெருப்பில் வாசனைக் கட்டையைப் போட்டு வீடெல்லாம் புகை காட்டுவது. ஒவ்வொரு தடவையும் அலாரம் அலறியிருக்கிறது. சனியன் பொய் சொல்கிறது, கழற்று என்று மேடமே சொல்லியிருக்கிறார். அது பொய் சொல்லவே இல்லை. கரித்துண்டும் அதே விஷத்தைத்தான் விடும் என்று ஜெரோம் விளக்கினான். கழற்றிய பேட்டரி எங்கே போனது தெரியுமா? பாபாவின் டிவி ரிமோட்டுக்குள். தினமும் அவருக்கு ஃபுட்பால் வைத்துக் கொடுத்தது நான்தான்.

பிறகு ஜெரோம் சட்டைக் கையை மடித்தான். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினான், ஒரு குமிழி இல்லை. சூடு பிடிக்கும் இரும்பு அறையில் விரிசல் உண்டா என்று விளக்கடித்துப் பார்த்தான், இல்லை. மொட்டை மாடிக்கு ஏறிப் புகைக்குழாயைப் பார்த்தான், சுத்தமாக நேராக நின்றது. கரியைத் துடைத்தான், ஃபில்டரை மாற்றினான், டேப்பைப் பிய்த்து எறிந்தான். என் பக்கம் திரும்பி, "மைனி, அண்ணன் செய்த வேலையில ஒரு நூல் பெசகு இல்ல. நான் செய்தாக்கூட இவ்வளவு வராது" என்றான்.

அதை மேடத்துக்கும் சொல்லு, அவங்க பாஷையில் சொல்லு என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். சொன்னான், இரண்டு தடவை.

அப்புறம்தான் பற்றவைத்தான். நெருப்பு நீலமாக, வரிசையாக, அடங்கி எரிந்தது. மூன்று பேரும் நெருப்பைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தோம். நசுங்கிய துணி அல்லவா, கொஞ்ச நேரம் அப்படியே தொங்கியது. பிறகு நுனி லேசாகத் தூக்கியது. அப்புறம் முழுசாக உள்பக்கம் பார்த்து விரிந்து ஆடியது பாருங்கள், நம் கடற்கரையில் வள்ளத்துத் துணி ஆடுமே, அதே மாதிரி. ஜெரோமின் மீட்டர் பூஜ்யத்தில் நின்றது.

மேடம் அந்தத் துணி என்னவென்று கேட்டார். நைட்டி என்று எப்படிச் சொல்வது? "மை டிரெஸ்" என்றேன். அவர் உள்ளே போய், பரிசுப் பெட்டியில் கட்டும் தங்க நிறப் பட்டு ரிப்பன் ஒன்றைக் கொண்டுவந்து, இதைக் கட்டு என்றார். ஜெரோம் சிரிக்காமல், "கனம் கூடுதல் மேடம், இது ஆடாது. மைனி நைட்டிதான் சரி" என்றான். நைட்டி என்ற வார்த்தை அவருக்கும் தெரிந்திருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் நானும் மேடமும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாபா கண் விழித்து, கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தாராம். என்னைக் கண்டதும் ஃபுட்பாலில் யார் ஜெயித்தது என்று கையால் கேட்டார். புஷ்பாதான் கட்டிலில் சுருண்டு அழுதுகொண்டிருந்தாள். டேப் சமாச்சாரம் அவள் காதுக்கு எட்டிவிட்டது. "என்ன ஊருக்கு அனுப்பிருவாங்கக்கா. போலீசுல குடுத்துருவாங்க. பாபாவ நானே கொல்லப் பாத்தேனே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், போதும் விடு என்று அரபியில் தொடங்கினார். "கலாஸ், புஷ்பா, கலாஸ். டஸ்ட் ஐ ஷவுட்டட். அலாரம் ஐ செட் ரிமூவ். யூ ஒன்லி டேப்" என்று அவள் கண்ணைத் தன் முக்காட்டு நுனியால் துடைத்தார். புஷ்பா எங்கும் போகவில்லை. நாளைக்கு வீட்டுக்கு வருகிறாள், மாடியில் வேறு அறைக்கு. பஹூர் இனிமேல் முற்றத்தில் மட்டும்தானாம். ரிமோட்டுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டாயிற்று, பழையபடி உங்கள் டப்பாவுக்கும் ஒன்று.

நம் மகள் ஷெரினுக்கு போன் போட்டேன். ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நைட்டியாம்மா? அப்பா அந்த நைட்டியத்தானா கிழிச்சாங்க?" என்று அப்படிச் சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் அந்த மாதிரி சிரித்து நான் கேட்டதில்லை. உங்களுக்குக் கேட்டதா?

ஜெரோம் இன்னொன்றும் கேட்டிருக்கிறான். அவன் கைவசம் கேஸ் ஹீட்டர் வைத்த வீடுகள் நாலைந்து இருக்கின்றன, எல்லாவற்றிலும் துணி கட்டப் போகிறானாம். அதற்கு மிச்ச நைட்டி வேண்டுமாம். அது அடுப்பு துடைக்கிற துணியாகப் போய் வெகுநாள் ஆகிறது. தேடி எடுத்து இப்போதுதான் துவைத்துக் காயப்போட்டேன், அதே பால்கனியில். நாளைக்குக் கீற்றுக் கீற்றாக நானே கிழித்துக் கொடுப்பேன்.

அத்தான், இது உங்கள்மேல் சத்தியம். இனி ஒவ்வொரு நவம்பரிலும் ஜெரோமைக் கையோடு கூட்டிக்கொண்டு போவேன். அவன் பற்றவைத்ததும் அந்த ஜன்னல் முன்னால் நான்தான் நிற்பேன். துணி ஆடினால்தான் பாபா கட்டிலுக்குப் போகலாம், புஷ்பா அறைக்குப் போகலாம். ஆடாவிட்டால் மேடம் என்ன, யார் கத்தினாலும் வால்வைத் திறக்க விடமாட்டேன்.

அப்புறம், அந்த நைட்டியைக் கிழித்தீர்களே, அதற்கு நான் உங்களை இதுவரை மன்னிக்கவே இல்லை, தெரியுமா? இன்று மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
மெக்கானிக் சகாயத்தின் பொஞ்சாதி,
உங்கள் ரெஜி